அட்டையில் வராத வசனங்கள்

வருஷா வருஷம் புத்தாண்டு ஆராதனையில் நான் எடுக்கும் வாக்குத்தத்த அட்டையில் நல்ல வசனம்தான் வருகிறது. வருஷம் என்னவோ அப்படி அமைவதில்லை. என் விசுவாசத்தில் குறையா?
– வாசகி, நாசரேத்

உங்கள் விசுவாசத்தில் குறை இல்லை, அம்மா. அட்டைக்கு வசனம் பொறுக்கியவர்தான் குறை வைத்துவிட்டார்.

டிசம்பர் 31 நள்ளிரவில் தாம்பாளத்தில் நீட்டப்படும் அட்டைகளில் எரேமியா 29:11 இல்லாத வருஷம் உண்டா? கர்த்தர் நமக்கு நன்மையைத்தான் நினைத்திருக்கிறார் என்று ஆறுதல் சொல்லும் வசனம் அது. எருசலேமிலிருந்து பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எரேமியா எழுதிய கடிதத்தின் நடுவில் வருகிறது. அதற்கு முந்தின வசனத்தைப் பாருங்கள். 70 வருஷம் என்று கெடு சொல்கிறது. அப்படியென்றால், அந்தக் கடிதம் வாசிக்கக் கேட்ட பெரியவர்களில் அநேகமாக எவரும் ஊர் திரும்பப் போவதில்லை. அங்கேயே வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், பிள்ளைகளுக்குக் கல்யாணம் முடித்து வையுங்கள், நீங்கள் சிறைப்பட்டிருக்கும் அந்த ஊருக்காகவே ஜெபம்பண்ணுங்கள் என்கிறது கடிதம்.

11-ஆம் வசனம் அட்டையில் ஏறிவிட்டது; 10-ஆம் வசனம் ஏறவே இல்லை. இரண்டையும் சேர்த்து வாசித்தவர், வருஷம் கஷ்டமாக இருந்தால் கடவுள் கைவிட்டார் என்று கலங்க மாட்டார். பாதியை மட்டும் உங்கள் கையில் கொடுத்து அனுப்பியதால்தான் இன்று நீங்கள் உங்களையே சந்தேகப்படுகிறீர்கள். கடினமான பாதியை மறைத்தவருக்கு ஒரு நஷ்டமும் இல்லை. நஷ்டம் உங்களுக்குத்தான். இந்த மாதம் வந்த கடிதங்கள் பலவற்றிலும் இதைத்தான் பார்க்கிறேன்: ஒருவர் கேட்க மறுத்த உண்மைக்கு இன்னொருவர் விலை கொடுக்கிறார்.

நொந்து போனவர்களிடம் நாலு நல்ல வார்த்தை சொன்னால் என்ன தப்பு?
– வாசகர், மதுரை

நல்ல வார்த்தை என்றால் தப்பே இல்லை. பொய்யான நல்ல வார்த்தை ஆளைக் கெடுத்துவிடும்.

எரேமியா 28-ஐ எடுத்துப் பாருங்கள். ஆலயத்தில், ஆசாரியர்கள் முன்னால், அனனியா என்ற தீர்க்கதரிசி பாபிலோனுக்குப் போனதெல்லாம் இரண்டே வருஷத்தில் திரும்பிவிடும் என்கிறார். பாபிலோனுக்குப் பணிந்துதான் ஆக வேண்டும் என்பதற்கு அடையாளமாக எரேமியா கழுத்தில் மர நுகத்தோடு நிற்கிறார். அவர் கோபப்படவில்லை. முதலில் ஆமென் என்கிறார். நீர் சொன்னபடியே கர்த்தர் செய்தால் எனக்கும் சந்தோஷம்தான் என்கிறார். இந்த ஆமென் மிக முக்கியம். கெட்ட செய்தி சொல்வதில் எரேமியாவுக்கு ஆசை இல்லை. அனனியாவோ அந்த நுகத்தைப் பிடுங்கி உடைத்துப் போட்டார். கூட்டம் எப்படி மகிழ்ந்திருக்கும்! மர நுகம் போன இடத்தில் இரும்பு நுகம் வரும் என்று பின்னால் எரேமியா வந்து சொன்னபோது அது யார் காதிலும் ஏறவில்லை. சில வருஷங்களில் நகரம் முற்றுகையிடப்பட்டது, பஞ்சம் வந்தது, கி.மு. 586-ல் ஆலயம் எரிந்தது.

இரண்டு வருஷம் என்றவரை நம்பியவன் பாபிலோனில் மூட்டையை அவிழ்க்காமலே உட்கார்ந்திருப்பான். 70 என்றவரை நம்பியவன் விதை போட்டிருப்பான். யார் பிள்ளைகள் சாப்பிட்டிருக்கும் என்று நீங்களே சொல்லுங்கள்.

எப்போது பார்த்தாலும் நரகம், நியாயத்தீர்ப்பு என்று முழங்குகிறவர்தான் உண்மையான ஊழியக்காரரா?
– கல்லூரி மாணவர், பாளையங்கோட்டை

இல்லை, தம்பி. நினிவே அழியும் என்று யோனா சொன்னது உண்மைதான். நினிவே மனந்திரும்பிப் பிழைத்தபோது அவருக்குக் கோபம் வந்ததே, அங்கேதான் அவர் தவறினார். எரேமியாவும் அழிவைத்தான் சொன்னார், ஆனால் அழுதுகொண்டே சொன்னார். தான் சொல்வது பலிக்காமல் போக வேண்டுமென்று ஏங்குகிறவர் பேச்சைக் கேளுங்கள்.

எங்கள் ஐயர் பாவத்தைக் கண்டிப்பதில் புலி. சினிமா, சீரியல், செல்போன், லிப்ஸ்டிக் ஒன்றையும் விடுவதில்லை. சபைதான் திருந்தக் காணோம்.
– வாசகர், சாயர்புரம்

முன் வரிசையில் இருப்பவர்களுக்கு வலிக்காத பாவங்களாகவே பட்டியல் இருக்கிறது. கந்துவட்டி எங்கே? வரதட்சணை எங்கே? வேலை செய்தவனுக்குக் கூலி கொடுக்காமல் இழுத்தடிப்பது எங்கே? அறுவடை செய்தவர்களுக்குப் பிடித்து வைத்த கூலி கர்த்தரிடம் கூக்குரலிடுகிறது என்று யாக்கோபு 5-ஆம் அதிகாரத்தில் எழுதியிருக்கிறார். வரும் ஞாயிறு அந்த அதிகாரத்தைப் பிரசங்கிக்கும்படி ஐயரிடம் மரியாதையாகக் கேளுங்கள்.

மகனுக்குப் பெண் பார்க்கிறோம். நாங்கள் வாய் திறந்து எதுவும் கேட்கவில்லை. அவர்கள் பெண்ணுக்கு ஆசைப்பட்டுச் செய்வதை எப்படித் தடுக்க முடியும்?
– வாசகி, நாகர்கோவில்

முடியும், அம்மா. ஒரு போன் போதும். "உங்கள் மகளை மட்டும் அனுப்புங்கள். நகையோ ரொக்கமோ வந்தால் திருப்பி அனுப்பிவிடுவோம்" என்று பெண்ணின் அப்பாவிடம் நீங்களே சொல்லுங்கள். தரகர் மூலமாக வேண்டாம். தரகர் வாயில் அந்தப் பேச்சு வேறு அர்த்தமாகிவிடும். சொல்லிவிட்டு அந்த அப்பாவின் குரலைக் கவனியுங்கள். அவர் ஆசைப்பட்டுச் செய்யவிருந்தாரா, பயந்து செய்யவிருந்தாரா என்பது அப்போதே தெரிந்துவிடும்.

1961-ஆம் வருஷத்துச் சட்டப்படி வரதட்சணை வாங்குவதும் குற்றம், கொடுப்பதும் குற்றம். அன்பளிப்புக்குச் சட்டத்தில் இடம் உண்டு: யாரும் கேட்காமல் தந்ததாக இருக்க வேண்டும், பட்டியலில் எழுதியிருக்க வேண்டும், தருகிறவர் வசதிக்கு மீறாமலும் இருக்க வேண்டும். நம் பக்கத்துக் கல்யாணங்களில் இந்த மூன்றையும் தாண்டாத சவரன் எத்தனை?

மூன்று ஞாயிறு ஓலை வாசிக்கிறோம். தடை இருந்தால் சொல்லலாம் என்று சபை முழுவதையும் கேட்கிறோம். ஒரு தகப்பன் நிலத்தை விற்றதும், ஒரு அண்ணன் கடன்பட்டதும் அங்கே இருக்கிற எல்லாருக்கும் தெரியும். ஒருவரும் எழுந்திருப்பதில்லை. பைபிளில் வரதட்சணை என்ற தலைப்பு இல்லையே என்று சமாதானம் சொல்கிறார்கள். பிறன் உடைமைமேல் ஆசை வைக்கக் கூடாது என்ற கட்டளை இருக்கிறது. பத்தில் ஒன்று.

கிறிஸ்தவத்தில் சாதி கிடையாது என்று பிற மத நண்பர்களிடம் பெருமையாகச் சொல்லலாமா?
– வாசகர், திருச்சி

கிறிஸ்துவிடம் கிடையாது என்று சொல்லுங்கள், அது சத்தியம். நம் சபைகளில் கிடையாது என்று சொல்வதற்கு முன்பு உங்கள் ஊரிலேயே மேலப்புதூர் கத்தோலிக்கக் கல்லறைத் தோட்டம் வரை போய்வாருங்கள். தலித் கிறிஸ்தவர்களின் கல்லறைகளைப் பிரித்துச் சுவர் எழுப்பியிருந்த இடம் அது. செத்த பிறகும் பக்கத்தில் படுக்கக் கூடாது என்று கட்டிய சுவர்.

திருநெல்வேலிச் சீமையின் வடக்கன்குளத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1745-ல் நீலகண்ட பிள்ளை என்ற திருவிதாங்கூர் அரண்மனை அலுவலர் அங்கேதான் ஞானஸ்நானம் பெற்றுத் தேவசகாயம் ஆனார். எல்லாச் சாதியாரோடும் சமமாகப் பழகினார். அது மேல்சாதியாருக்குப் பொறுக்கவில்லை. 1752-ல் ஆரல்வாய்மொழி அருகே காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். அப்படிப்பட்டவர் ஞானஸ்நானம் பெற்ற ஊரில், அடுத்த நூற்றாண்டில், ஒரே பலிபீடத்தை நோக்கி இரண்டு மண்டபங்கள் கொண்ட கோயிலைக் கட்டினார்கள். ஒன்று ஒரு சாதிக்கு, மற்றது மற்றவர்களுக்கு, நடுவே தடுப்பு. 1910 வாக்கில் அந்தத் தடுப்பை இடித்தபோது, அது எங்கள் உரிமை என்று வழக்குப் போட்டவர்கள் கிறிஸ்தவர்கள்தான். சென்னை உயர் நீதிமன்றம் வரை போய்த் தோற்றார்கள். தேவசகாயத்துக்கு 2022-ல் புனிதர் பட்டம் கொடுத்தபோது பெயரிலிருந்த 'பிள்ளை'யை வத்திக்கான் எடுத்துவிட்டது. நம் கல்யாண விளம்பரங்களில் 'கிறிஸ்தவ' என்ற சொல்லுக்குப் பின்னால் ஒட்டியிருக்கும் சாதிப் பெயர்களை யார் எடுப்பது?

சீர்திருத்தச் சபைக்காரர்கள் இதை வாசித்துவிட்டு நிம்மதியடைய வேண்டாம். சபையில் சாதி வேறுபாட்டை உடனே விட்டுவிட வேண்டும் என்று கல்கத்தா பிஷப் டேனியல் வில்சன் 1833-ல் தென்னிந்தியச் சபைகளுக்குக் கடிதம் எழுதினார். அதை வாசித்ததும் தஞ்சாவூரிலும் வேப்பேரியிலும் பலர் சபையை விட்டே வெளியேறினார்கள். பிறந்த ஊரையும் உறவையும் கிறிஸ்துவுக்காக விடத் துணிந்த குடும்பங்கள், சாதியை மட்டும் விட மறுத்தன. இது நடந்து 190 வருஷத்துக்கு மேல் ஆகிறது. விலை கொடுப்பவர்கள் யார் தெரியுமா? 1950-ஆம் வருஷத்துக் குடியரசுத் தலைவர் ஆணையின் காரணமாகத் தலித் கிறிஸ்தவருக்குப் பட்டியல் சாதி உரிமை கிடையாது. அரசாங்கம், நீ கிறிஸ்தவன், உனக்குச் சாதி இல்லை என்கிறது. கோயிலில், நீ இன்ன சாதி, அந்தப் பக்கம் போ என்கிறார்கள். இரண்டு வாசலிலும் அடி வாங்குகிறவன் ஒரே ஆள்தான்.

இதையெல்லாம் கிளறினால் சபையின் ஒற்றுமை குலைந்துவிடாதா? அசனத்தில் எல்லாரும் ஒரே பந்தியில்தானே உட்காருகிறோம்?
– வாசகர், திருச்செந்தூர்

அசனம் வருஷத்துக்கு ஒருநாள். உங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேஜை வருஷம் முழுக்க இருக்கிறது, ஐயா.

அந்தியோகியாவில் நடந்ததும் சாப்பாட்டுத் தகராறுதான். புறஜாதியாரோடு உட்கார்ந்து சாப்பிட்ட பேதுரு, எருசலேமிலிருந்து ஆட்கள் வந்ததும் மெல்ல எழுந்து விலகினார். பவுல் எல்லாருக்கும் முன்பாக, முகத்துக்கு நேரே, அது தவறு என்றார். பேதுரு சபையின் தூண். பவுல் பிந்தி வந்தவர். ஒற்றுமை குலையும் என்று பவுல் வாயை மூடியிருந்தால் பேதுருவுக்கு ஒன்றும் ஆகியிருக்காது. பாதி சாப்பாட்டில் தனியாக விடப்பட்ட அந்தப் புறஜாதி விசுவாசி இரண்டாந்தரக் கிறிஸ்தவனாகவே இருந்திருப்பான். பிற்பாடு பேதுருவின் பேரில் உள்ள நிருபம் பவுலைப் பிரியமான சகோதரன் என்றே குறிப்பிடுகிறது. சொன்னவரும் போகவில்லை, கேட்டவரும் போகவில்லை.

'விதை காணிக்கை' போட்டால் பல மடங்காய்த் திரும்பும் என்கிறார்கள். விதவையின் இரண்டு காசை உதாரணம் காட்டுகிறார்கள். நானும் விதவைதான்.
– வாசகி, தூத்துக்குடி

போடாதீர்கள், அக்கா. மாற்கு 12-ஆம் அதிகாரத்தில் அந்த விதவை வருவதற்குச் சற்று முன்பு இயேசு என்ன சொல்லிக்கொண்டிருந்தார் என்று பாருங்கள். நீண்ட ஜெபம் பண்ணிக்கொண்டே விதவைகளின் வீடுகளை விழுங்குகிற வேதபாரகர்களைக் கண்டித்துக்கொண்டிருந்தார். அந்தப் பேச்சு முடிந்ததும் வீடு விழுங்கப்பட்ட ஒருத்தி வந்து நிற்கிறாள். அவளைக் காட்டி உங்களிடம் பணம் கேட்பவர், இயேசு யாரைக் கண்டித்தாரோ அவர்கள் வரிசையில் போய் நிற்கிறார். ஆதித் திருச்சபை விதவைகளுக்குக் கொடுத்ததாகத்தான் அப்போஸ்தலர் நடபடிகளில் இருக்கிறது.

விசுவாசம் இருந்தால் சர்க்கரைக்கு ஊசி எதற்கு, நிறுத்திவிடு என்று ஜெபக்குழுவில் சொல்கிறார்கள். என் மகனுக்கு வயது 12.
– வாசகி, கோயம்புத்தூர்

நிறுத்தவே கூடாது. இந்த பதிலை வாசித்து முடிக்கும் முன்பே அவனுடைய அடுத்த ஊசி இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். சிறுவயதில் வரும் சர்க்கரை நோயில் உடம்பில் இன்சுலின் சுரப்பதே நின்றுபோகிறது. ஊசியை நிறுத்தினால் சில நாட்களில் உயிருக்கே ஆபத்து.

எசேக்கியாவுக்கு உயிர்ப்பிச்சை தந்த கர்த்தரின் தீர்க்கதரிசி, கட்டியின்மேல் அத்திப்பழ அடை வைக்கச் சொன்னார். தீமோத்தேயுவின் வயிற்றுக்கோளாறுக்குப் பவுல் கைமருந்து சொன்னார். துரோப்பீமுவை மிலேத்துவில் வியாதியாகவே விட்டுவந்ததையும் அவரே மறைக்காமல் எழுதினார். பவுலுக்கு விசுவாசம் போதவில்லை என்று உங்கள் ஜெபக்குழு சொல்லுமா?

ஐடா ஸ்கடரை நினைத்துக்கொள்ளுங்கள். தமிழ்நாட்டில் ஒரே இரவில் மூன்று பெண்கள் பிரசவத்தில் தவித்தார்கள். பார்க்கப் பெண் மருத்துவர் இல்லை, ஆண் மருத்துவரைக் குடும்பங்கள் அனுமதிக்கவில்லை, மூவரும் இறந்தார்கள். அந்த இரவில் ஜெபித்த ஐடா, அமெரிக்கா போய் மருத்துவம் படித்துத் திரும்பினார். 1900-ல் வேலூரில் ஒரே ஒரு படுக்கையோடு தொடங்கியதுதான் இன்றைய சி.எம்.சி. உங்கள் மகனுக்காக ஜெபியுங்கள். ஊசியைப் போட்டுவிட்டு ஜெபியுங்கள்.

பெரிய ஊழியர்களின் தவறுகளை வெளியே பேசினால் கர்த்தருடைய நாமம் தூஷிக்கப்படுமே?
– வாசகர், சென்னை

உரியாவைக் கொல்லவைத்து அவன் மனைவியை எடுத்துக்கொண்ட தாவீதிடம் நாத்தான் தீர்க்கதரிசி பேசியதைக் கவனமாக வாசியுங்கள். சத்துருக்கள் தூஷிக்க இடம் கொடுத்தது தாவீதின் செயல் என்கிறார் நாத்தான். அதை எடுத்துச் சொன்னது குற்றமென்று வேதம் எங்கும் சொல்லவில்லை. சொல்லப்போனால் வேதம் அதை மறைக்கவே இல்லை. 51-ஆம் சங்கீதத்தின் தலைப்பிலேயே சம்பவம் இருக்கிறது. மத்தேயு எழுதிய வம்ச வரலாற்றில், இயேசு பிறந்த சந்தோஷச் செய்தியின் முதல் பக்கத்திலேயே, அந்தப் பெண் உரியாவின் மனைவி என்றுதான் வருகிறாள். கொல்லப்பட்டவன் பெயரை வேதம் அழிய விடவில்லை.

உங்கள் ஊரில் 1946-ல் பிறந்தவர் ரவி சகரியாஸ். கனடா போய், பிறகு அமெரிக்காவில் உலகளாவிய ஊழியம் நடத்தினார். நாத்திகர்களுக்குப் பதில் சொல்ல நம் வாலிபர்கள் அவருடைய புத்தகங்களைத்தான் தேடினார்கள். 2017-ல் கனடாவைச் சேர்ந்த ஒரு பெண் அவர்மேல் புகார் சொன்னார். அவர் அந்தப் பெண்மீதும் கணவர்மீதும் வழக்குப் போட்டார். வெளியே பேசக் கூடாதென்ற ஒப்பந்தத்தோடு அது முடிந்தது. ஊழிய நிர்வாகம் அவரையே நம்பியது. 2020 மே மாதம் அவர் இறந்தபோது உலகமெங்கும் புகழஞ்சலி. 2021 பிப்ரவரியில், நிர்வாகமே அமர்த்திய வழக்கறிஞர்களின் விசாரணை அறிக்கை வெளியானது. மசாஜ் வேலை செய்த பெண்களிடம் பல வருஷங்கள் அவர் முறைகேடாக நடந்திருந்தார். அந்தப் பெண்ணை நம்பாமல் போனோம் என்று நிர்வாகக் குழு பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டது. அதற்கு முன்பு எத்தனையோ மாதங்கள், உண்மை பேசிய ஒரு பெண்ணைக் கிறிஸ்தவ உலகம் பணம் பறிக்க வந்தவள் என்று பேசிக்கொண்டிருந்தது. கர்த்தருடைய நாமத்துக்கு எது அதிக இழுக்கு?

அபிஷேகம் பெற்றவரைத் தொடக் கூடாது என்று சங்கீதத்தில் இருக்கிறதே?
– அதே வாசகர்

105-ஆம் சங்கீதம். அது ராஜாக்களுக்குச் சொன்னது. நாடோடிகளாய், கொஞ்சம் பேராய் அலைந்த ஆபிரகாம் குடும்பத்தைப் பலமுள்ளவர்கள் தொடக் கூடாதென்று கர்த்தர் எச்சரித்தார். எளியவர்களைக் காக்க வந்த வசனத்தைப் பலவான்களுக்குக் கேடயமாக்கிவிட்டோம். சவுலைக் கொல்ல மறுத்த தாவீதும், அறுத்த சால்வைத் துண்டைக் கையில் பிடித்துக்கொண்டு, நீர் செய்வது அநியாயம் என்று சவுலிடமே உரக்கச் சொன்னான்.

நியாயந்தீர்க்கக் கூடாது என்று இயேசு சொன்னாரே?
– வாசகர், சேலம்

அதே அதிகாரத்தில், உன் கண்ணில் உள்ள உத்திரத்தை எடுத்துவிட்டுச் சகோதரன் கண்ணில் உள்ள துரும்பையும் எடு என்றார். துரும்பை அப்படியே விட்டுவிடச் சொல்லவில்லை.

ஒரு தேசமே, அதுவும் கிறிஸ்தவத் தேசமே, உண்மைக்குக் காதை அடைத்துக்கொண்டது உண்டா?
– ஆசிரியர், யாழ்ப்பாணம்

ஜெர்மனி. 1933-ல் ஹிட்லர் ஆட்சிக்கு வந்தபோது அந்நாட்டு மக்களில் மிகப் பெரும்பாலோர் ஞானஸ்நானம் பெற்றவர்கள். யூத வம்சத்தில் பிறந்தவர்கள் போதகராக இருக்கக் கூடாதென்று அதே வருஷம் பிரஷ்யத் திருச்சபை விதி செய்தது. எதிர்த்தவர்கள் 1934 மே மாதம் பார்மன் என்ற ஊரில் கூடி, சபைக்குத் தலைவர் கிறிஸ்து ஒருவரே என்று அறிக்கையிட்டார்கள். துணிச்சலான அறிக்கை, இன்றும் மதிக்கப்படுவது. என்னைத் தூங்கவிடாதது வேறு: யூதர்கள் படும் பாட்டைப் பற்றி அதில் ஒரு வரிகூட இல்லை. துணிந்தவர்களே அவ்வளவுதான் துணிந்தார்கள். போர் முடிந்து 1945 அக்டோபரில் ஸ்டுட்கார்ட்டில் சபைத் தலைவர்கள் எழுதிய குற்ற அறிக்கையிலும் யூதர் என்ற சொல் வரவில்லை. அதற்குள் 60 லட்சம் யூதர்கள் கொல்லப்பட்டிருந்தார்கள்.

1933-லேயே யூதர் பிரச்சினையில் சபையின் கடமை என்னவென்று எழுதியவர் டீட்ரிக் போன்ஹாஃபர். மனந்திரும்புதல் இல்லாமல் வாரி வழங்கும் மலிவான கிருபைதான் சபையின் எதிரி என்று 1937-ல் வந்த புத்தகத்தில் வாதிட்டார். 1945 ஏப்ரல் 9-ஆம் தேதி ஃப்ளோசன்பெர்க் முகாமில் தூக்கிலிடப்பட்டார். அப்போது அவருக்கு வயது 39.

கணவர் அடிக்கிறார். ஐயரம்மாவிடம் சொன்னேன். பொறுத்துப்போ, கீழ்ப்படி, ஜெபத்தால் மாறுவார் என்றார்கள்.
– பெயர், ஊர் வேண்டாம்

சகோதரி, சவுல் ஈட்டியை எறிந்தபோது தாவீது அந்த அறையில் உட்கார்ந்து ஜெபிக்கவில்லை. அன்று இரவே ஜன்னல் வழியாகத் தப்பினார். இறக்கிவிட்டது அவருடைய மனைவி. தப்பியதற்காகக் கர்த்தர் அவரைக் கடிந்துகொள்ளவில்லை.

181 என்ற எண்ணில் எந்நேரமும் பேசலாம். 2005-ஆம் வருஷத்துக் குடும்ப வன்முறைச் சட்டத்தின்படி நீங்கள் பாதுகாப்பு உத்தரவு கேட்கலாம், அந்த வீட்டில் குடியிருக்கும் உரிமை கேட்கலாம், பராமரிப்புப் பணம் கேட்கலாம். அவருக்காக ஜெபிக்க விரும்பினால் அவர் கை எட்டாத இடத்திலிருந்து ஜெபியுங்கள். உங்களைப் பொறுத்துப்போகச் சொன்னவர்கள், அவரை ஒருநாளாவது கூப்பிட்டுக் கண்டித்தார்களா என்று கேளுங்கள்.

நாம் எந்த உண்மையைத் தவிர்க்கிறோம் என்று நமக்கே தெரியாதே? கண்டுபிடிக்க வழி உண்டா?
– வாசகர், பெங்களூர்

ஆகாப் ராஜாவிடம் 400 தீர்க்கதரிசிகள் இருந்தார்கள். எல்லாரும் போருக்குப் போ, ஜெயிப்பாய் என்றார்கள். வேறு யாருமே இல்லையா என்று கூட இருந்த யூதாவின் ராஜா யோசபாத் கேட்டபோது, ஒருவன் இருக்கிறான், மிகாயா, அவனை எனக்குப் பிடிக்காது, எனக்கு நல்லதே சொல்ல மாட்டான் என்றார் ஆகாப். உண்மை யாரிடம் இருக்கிறதென்று ராஜாவுக்கு நன்றாகவே தெரிந்திருந்தது. போருக்குப் போனார், அந்தப் போரிலேயே மாண்டார்.

உங்கள் மிகாயா யார்? போனில் பெயர் வந்தாலே எடுக்கத் தோன்றாதவர், சேகரக் கமிட்டிக்கு மறுபடி நிறுத்தாமல் விட்டவர், பெற்ற மகளாகக்கூட இருக்கலாம். அவரிடம் பேசுங்கள்.

கேட்டுத் திருந்தியவர்கள் உண்டா? எல்லாம் சோகக் கதையாகவே சொல்கிறீர்களே.
– வாசகி, கும்பகோணம்

உண்டு. ஒரே குடும்பத்தில் இரண்டையும் காட்டுகிறேன்.

ஆலயத்தைப் பழுதுபார்த்தபோது கிடைத்த நியாயப்பிரமாணச் சுருளை, சாப்பான் என்ற சம்பிரதி யோசியா ராஜாவுக்கு வாசித்துக் காட்டினார். கேட்கக் கேட்க ராஜா தன் வஸ்திரத்தைக் கிழித்துக்கொண்டார். உல்தாள் என்ற தீர்க்கதரிசினியிடம் ஆள் அனுப்பினார். அவள் சொன்னதும் கடினமான செய்திதான். அதையும் ஏற்று, நாட்டையே சீர்திருத்தினார்.

அவர் மகன் யோயாக்கீம். எரேமியா சொல்லச் சொல்லப் பாரூக்கு எழுதிய சுருளை இவருக்கும் வாசித்தார்கள். குளிர்காலம். ராஜா கணப்பின் முன்னால் உட்கார்ந்திருக்கிறார். யெகுதி என்பவர் மூன்று நான்கு பத்தி வாசித்ததும், ராஜா அதைச் சூரிக்கத்தியால் அறுத்து நெருப்பில் போடுகிறார். அடுத்த பத்திகள், மறுபடி கத்தி. சுருள் முழுவதும் தீரும்வரை இப்படியே. ஒரே மூச்சில் கோபத்தில் எரித்திருந்தால்கூட மன்னிக்கலாம். இவர் ஒவ்வொரு பத்தியையும் கேட்டுவிட்டு எரித்தார். அங்கே இருந்த மூன்று பேர், எரிக்க வேண்டாம் ராஜாவே என்று மன்றாடினார்கள். அதில் ஒருவர் கெமரியா, சாப்பானின் மகன். அப்பனுக்கு வாசித்தவரின் பிள்ளை, மகனிடம் கெஞ்சினார். பலிக்கவில்லை.

எரேமியா இன்னொரு சுருளை எடுத்துப் பாரூக்கிடம் மறுபடி சொல்லி எழுதவைத்தார். எரிந்ததெல்லாம் அதில் இருந்தது. கூடுதலாகவும் பல வார்த்தைகள் சேர்ந்தன. யோயாக்கீமின் மகன் பட்டத்துக்கு வந்த மூன்றே மாதத்தில் பாபிலோனுக்குச் சிறையாகப் போனான்.

ஞாயிறு பள்ளி ஆசிரியை நான். ஒரு பிள்ளை, சபையில் பொறுப்பிலுள்ள ஒருவரைப் பற்றி என்னிடம் அழுதுகொண்டே ஒன்றைச் சொன்னது. மூப்பர்களிடம் போனேன். சாட்சி கெட்டுவிடும், நமக்குள்ளே பேசித் தீர்ப்போம் என்கிறார்கள்.
– ஊரும் பெயரும் என்னிடமே இருக்கட்டும்

தீர்த்துக்கொள்ள அது அவர்களுடைய வழக்கல்ல, சகோதரி. பிள்ளையை நம்புங்கள். நீ சொன்னது நல்லது, தப்பு உன்மேல் இல்லை என்று அதனிடம் சொல்லுங்கள். துருவித் துருவிக் கேட்க வேண்டாம். அந்த ஆளிடம் நேரில் விளக்கம் கேட்கவும் வேண்டாம்.

போக்சோ சட்டம், 2012, பிரிவு 19: குழந்தைக்குப் பாலியல் கொடுமை நடந்தது தெரிந்தாலோ, நடக்கும் என்று அஞ்சினாலோ, எவராயிருந்தாலும் போலீசில் சொல்லியே ஆக வேண்டும். சொல்லாமல் விட்டால் 21-ஆம் பிரிவின்படி 6 மாதம் வரை சிறையோ அபராதமோ இரண்டுமோ உண்டு. நிறுவனப் பொறுப்பில் இருப்பவர் தமக்குக் கீழே உள்ளவர் செய்ததை மறைத்தால் ஒரு வருஷம் வரை சிறை, அபராதமும் சேர்த்து. இந்த வரிகளை மூப்பர்களுக்கு வாசித்துக் காட்டலாம். அவர்கள் சம்மதத்துக்காகக் காத்திருக்க வேண்டாம். நல்லெண்ணத்தோடு தகவல் சொன்னவர்மேல் வழக்குப் போட முடியாது. பிள்ளையின் பெயரையும் அடையாளத்தையும் ஊடகங்கள் வெளியிடுவதைச் சட்டம் தடுக்கிறது. வாக்குமூலம் வாங்கும் அதிகாரி பிள்ளையின் வீட்டுக்கோ அது விரும்பும் இடத்துக்கோ வர வேண்டும், சீருடையில் வரக் கூடாது. இரவில் எந்தப் பிள்ளையையும் காவல் நிலையத்தில் வைத்திருக்கக் கூடாது.

குழந்தைகள் உதவி எண் 1098. கட்டணம் இல்லை, இரவு பகல் எந்நேரமும் எடுப்பார்கள். இன்றைக்கே பேசுங்கள்.